இடுப்புக் கிண்ணம் உடைந்தால் ஒரு எக்ஸ்ரே ஏன் போதாது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். உங்கள் தம்பி பைக்கில் போனபோது கார் மோதியது. முட்டியில் அடி, இடுப்பு மூட்டு பின்பக்கமாகக் கழன்றுவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, மூட்டை இழுத்துச் சரியாக உட்கார வைத்து, "சாக்கெட்டில் சின்ன உடைசல்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடியும் எக்ஸ்ரே, வலிக்க வலிக்கச் சாய்த்துப் படுக்கவைத்து இன்னும் இரண்டு எக்ஸ்ரே, அப்புறம் சிடி ஸ்கேன். இத்தனையும் தேவையா, எம்ஆர்ஐ ஒன்று எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா, இவ்வளவு கதிர்வீச்சு உடம்புக்கு ஆகுமா என்று கேட்கிறீர்கள்.

விபத்துப் பிரிவிலிருந்து வரும் எலும்புப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் அன்றாட வேலை. தம்பியின் படங்களை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு ஆபரேஷன் வேண்டுமா என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் சொன்ன விபரத்தை வைத்துப் பார்த்தால் அந்த எக்ஸ்ரேக்களும் சிடியும் தேவையானவைதான். எம்ஆர்ஐ இப்போதைக்குத் தேவையில்லை.

இந்த முறிவில் படத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், ஆர்த்தோ டாக்டர் முன்பக்கமாகத் திறப்பதா, பின்பக்கமாகத் திறப்பதா என்பதைப் படம்தான் முடிவு செய்கிறது. கை, கால் எலும்பு மாதிரி ஒரு பக்கம் திறந்து எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. இடுப்புக் கிண்ணம் ஆழத்தில் இருக்கிறது. முன்னால் பெரிய ரத்தக் குழாய்கள், பின்னால் காலுக்குப் போகும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பு. பின்பக்கமாகத் திறந்த பிறகு "அடடா, முறிவு முன்பக்கமும் போயிருக்கிறதே" என்று தெரிந்தால் அந்த நேரத்தில் செய்வதற்கு அதிகம் இல்லை. பாதி ஆபரேஷன் படம் பார்க்கும் மேஜையிலேயே நடந்து முடிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் எலும்பின் அமைப்பு. தொடை எலும்பின் பந்து உட்காரும் குழியைத்தான் கிண்ணம், சாக்கெட், அசிடாபுலம் என்று பல பேரில் சொல்கிறோம். இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்ற மூன்று எலும்புகள் சிறுவயதில் இங்கே ஒரு குருத்தெலும்பால் இணைந்திருந்து, பருவ வயதில் ஒன்றாகிவிடுகின்றன. பெரியவர்களின் முறிவைப் புரிந்துகொள்ள இந்த மூன்று பெயரைவிட உண்டிவில் கவட்டை உதவும். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் கைப்பிடி முதுகெலும்போடு சேர்ந்த பகுதி. உடம்பின் எடை அதன் வழியாகத்தான் இறங்குகிறது. கீழே விரியும் இரண்டு கிளைகளில் ஒன்று முன்பக்கம் பியூபிஸுக்குப் போகிறது, இன்னொன்று பின்பக்கம் நாம் உட்காரும் எலும்பான இஸ்கியத்துக்குப் போகிறது. இவற்றை முன்தூண், பின்தூண் என்போம். இரண்டு கிளைக்கும் நடுவில் கிண்ணம் பதிந்திருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் முன்சுவர், பின்சுவர் என்று இரண்டு சுவர்கள். எந்தத் தூண், எந்தச் சுவர் உடைந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இத்தனை படங்கள்.

இந்தப் பார்வையைக் கொடுத்தவர்கள் பாரிஸ் நகர அறுவை மருத்துவர்களான ராபர்ட் ஜூடே, ழான் ஜூடே சகோதரர்களும், அவர்களோடு வேலை செய்த எமில் லெதூர்னெலும். 1964இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இந்த முறிவுகளை ஐந்து எளிய வகை, ஐந்து கலப்பு வகை என்று பிரித்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அதே பத்து வகைகளைத்தான் பயன்படுத்துகிறோம். அப்போது சிடி ஸ்கேனே கிடையாது. லண்டனில் முதல் நோயாளிக்கு சிடி எடுக்கப்பட்டதே 1971இல்தான், அதுவும் தலைக்கு. மூன்று சாதாரண எக்ஸ்ரேக்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோடும் எலும்பின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று உலர்ந்த எலும்போடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அவர்கள் இதைக் கட்டியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்த மூன்றில் முதலாவது, நேராகப் படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே. இரண்டு இடுப்பும் ஒரே ஃபிலிமில் வர வேண்டும், ஏனென்றால் அடிபடாத பக்கம்தான் நமக்கு அளவுகோல். பார்க்க ஆரம்பிக்கும்போது வால் எலும்பின் நுனியும், முன்னால் பியூபிஸ் எலும்புகள் சேரும் இடமும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று முதலில் பார்ப்பேன். வரவில்லை என்றால் நோயாளி லேசாகத் திரும்பிப் படுத்திருக்கிறார். அப்படிப்பட்ட படத்தில் இடதும் வலதும் ஒரே மாதிரி தெரியாது, நல்ல எலும்பும் உடைந்தது போலத் தோன்றும்.

அப்புறம் ஆறு கோடுகள். இடுப்புக் குழியின் உள்விளிம்பிலிருந்து பியூபிஸ் வரை வளைந்து இறங்கும் கோடு முன்தூணுக்கு உரியது. பின்பக்கப் பள்ளத்திலிருந்து இஸ்கியத்துக்கு நேராக இறங்குவது பின்தூண் கோடு. பந்துக்கு மேலே அடர்த்தியான வெள்ளை வளைவு கிண்ணத்தின் கூரை. கிண்ணத்தின் உள்பக்கத்தில் கண்ணீர்த் துளி வடிவில் ஒரு நிழல். கடைசியாக, பந்தின் மேலேயே படிந்து தெரியும் இரண்டு மெல்லிய விளிம்புகள்: உள்ளே இருப்பது முன்சுவர், வெளியே இருப்பது பின்சுவர். ஒவ்வொரு கோட்டையும் மேலிருந்து கீழே விரலால் தொடர்ந்துகொண்டே வர வேண்டும். எங்கே அறுகிறதோ, எங்கே படி மாதிரி இறங்குகிறதோ, அந்தப் பகுதி உடைந்திருக்கிறது. கையில் ஃபிலிம் இருந்தால் நீங்களே நல்ல பக்கத்தில் செய்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

தம்பிக்கு நடந்தது இந்த இடத்தில்தான் புரியும். முட்டியில் வாங்கிய அடி தொடை எலும்பு வழியாகப் பின்னோக்கிப் போய், பந்து பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. கார் ஓட்டுபவரின் முட்டி டாஷ்போர்டில் மோதினாலும் இதே கதைதான். இந்த பத்து வகைகளில் அதிகம் காணப்படுவது பின்சுவர் முறிவு. ஆனால் நேர் எக்ஸ்ரேயில் உடைந்த துண்டு பந்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இரண்டு தூண் கோடுகளும் ஒழுங்காக இருக்கும், வெளி விளிம்பு மட்டும் ஒரு இடத்தில் காணாமல் போயிருக்கும். அவசரத்தில் பார்ப்பவர் "சின்ன உடைசல்" என்று சொல்வது இப்படித்தான். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கழன்ற மூட்டைத் தாமதிக்காமல் உள்ளே உட்கார வைத்ததுதான் அன்றைக்கு அவர் செய்ய வேண்டியிருந்த பெரிய வேலை. பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நசுங்கிக் கிடக்கும். ஆறு மணி நேரத்துக்குள் உட்கார வைப்பது நல்லது என்பது பொதுவான விதி.

இன்னொன்று, எந்தப் படத்திலும் தெரியாத ஒரு சோதனை இருக்கிறது. மூட்டை இழுப்பதற்கு முன்னும் பின்னும் பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் கழலும்போது சியாட்டிக் நரம்பு அடிபடலாம். தம்பியால் பாதத்தைத் தூக்க முடிகிறதா என்று கேளுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

சாய்த்து எடுத்த இரண்டு படங்களை ஜூடே கோணங்கள் என்று சொல்வார்கள். உடம்பை 45 டிகிரி சாய்த்து எடுப்பது. அடிபட்ட பக்கத்தைத் தூக்கி, அதன் கீழே மெத்தைக் கட்டை வைத்து எடுத்தால் முன்தூணும் பின்சுவரும் தெளிவாகத் தெரியும். மறுபக்கத்தைத் தூக்கினால் பின்தூணும் முன்சுவரும். நேர் படத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்ததெல்லாம் இதில் பிரிந்து வரும். தம்பியின் உடைந்த துண்டு பந்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நிற்பது முதல் கோணத்தில்தான்.

வலியோடு இருப்பவரைப் புரட்டுவது கொடுமை, அதை மறுக்கவில்லை. சிடி எடுத்துவிட்டால் அந்தத் தரவிலிருந்தே இதே கோணங்களில் எக்ஸ்ரே போன்ற படத்தைக் கணினியில் உருவாக்கிக்கொள்ளலாம். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். வேறு இடத்திலும் முறிவு இருந்து, புரட்டினால் ஆபத்து என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனாலும் சாய்த்து எடுத்த எக்ஸ்ரே பழைய காலத்து வேலை என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் பார்ப்பது சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே மெஷின் காட்டும் படத்தை மட்டும்தான். அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றி இதே மூன்று கோணங்களில்தான் அவர் துண்டு சேர்ந்ததா, ஸ்க்ரூ மூட்டுக்குள் போகவில்லையே என்று பார்க்கிறார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த அதே கோணப் படம் கையில் இருந்தால் ஒப்பிட வசதி. பிற்பாடு மாதாமாதம் எடுக்கும் படங்களுக்கும் அதுதான் அடிப்படை.

சரி, சிடி ஸ்கேன். மூட்டை உட்கார வைத்த பிறகு சிடி கட்டாயம். எக்ஸ்ரேயில் பார்த்தால் எல்லாம் அழகாக உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். மூட்டுக்குள் சிக்கிய சின்ன எலும்புத் துண்டு அதில் தப்பிவிடும். அந்தத் துண்டை உள்ளே விட்டுவிட்டு நடக்கவிட்டால் குருத்தெலும்பு அரைபட்டுப் போகும்.

சிடி படங்களை நான் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனில் நூற்றுக்கணக்கான ஸ்லைஸ்கள் இருக்கும். மேலே இலியம் எலும்பின் விரிந்த பகுதியிலிருந்து மவுஸை உருட்டிக்கொண்டே கீழே வருவேன். முறிவுக் கோடு அந்த மேல் பகுதியிலேயே தொடங்குகிறதா? அப்படியானால் முன்தூணோ இரண்டு தூணுமோ சம்பந்தப்பட்டிருக்கிறது, வெறும் பின்சுவர் இல்லை. இன்னும் கீழே இறங்கினால் கிண்ணத்தின் கூரை வரும். கூரையின் உச்சியிலிருந்து முதல் 10 மில்லிமீட்டரை ஒவ்வொரு ஸ்லைஸாக நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். எடை தாங்குவது அந்த இடம்தான். அது முழுசாக இருந்து, பந்தும் அதன் கீழே சரியாக உட்கார்ந்திருந்தால், தூண் முறிவுகளில் பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே ஓய்வில் சேர வாய்ப்பு உண்டு.

இங்கே முறிவுக் கோட்டின் திசையும் பேசும். குறுக்கு ஸ்லைஸில் கோடு இடவலமாக ஓடி எலும்பை முன்பாதி, பின்பாதி என்று பிரித்தால் அது தூண் முறிவு. முன்பின்னாக ஓடினால் கிண்ணத்தைக் குறுக்கே வெட்டிய முறிவு. சாய்வாக ஓடி விளிம்பை மட்டும் பெயர்த்தால் சுவர் முறிவு. பயிற்சிக்கு வரும் டாக்டர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் இது பிடிபட்டால் பத்து வகைகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

பந்தின் நடுமட்டத்துக்கு வந்ததும் மூட்டின் இடைவெளியை அடிபடாத பக்கத்தோடு ஒப்பிடுவேன். ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர், மறுபக்கம் 5 என்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சில நேரம் மூட்டுக்குள் கறுப்பாகக் கடுகளவு காற்றுக் குமிழி தெரியும். விபத்து நடந்த இடத்திலேயே மூட்டு கழன்று, தூக்கும்போது தானாகவே உள்ளே போயிருந்தால், கழன்றது யாருக்கும் தெரியாமலே போய்விடும். வெளிக்காயம் எதுவும் மூட்டு வரை போகாத நிலையில் அந்தக் குமிழி, மூட்டு சமீபத்தில் கழன்றிருக்கிறது என்பதற்குச் சாட்சி. அதைப் பார்த்துவிட்டால் பின்சுவரையும் பந்தின் மேற்பரப்பையும் இரண்டு மடங்கு கவனமாகத் தேடுவேன்.

அடுத்தது, என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது: அழுந்திய துண்டு. பந்து வெளியேறும்போது விளிம்பை உடைப்பதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் மூட்டுப் பரப்பைக் கீழே இருக்கும் மெத்தென்ற எலும்புக்குள் அழுத்திவிடும். குருத்தெலும்போடு கூடிய அந்தத் துண்டு திரும்பிப்போய் வேறு திசையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, சிடியில் தெரியும். இதைக் கவனிக்காமல் வெளிச் சுவரை மட்டும் பிளேட் வைத்து மூடினால், பந்து உட்காரும் பரப்பு பள்ளமாகவே நின்றுவிடும். தெரிந்திருந்தால் டாக்டர் அதைத் தூக்கி நிமிர்த்தி, அடியில் எலும்புத் தூள் நிரப்பிய பிறகுதான் சுவரை மூடுவார். ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேட்பதில் தவறே இல்லை.

கடைசியாகக் கீழே, பியூபிஸும் இஸ்கியமும் சேர்ந்து உண்டாக்கும் வளையம். அந்த வளையம் உடைந்திருந்தால் தூண் முறிவு, டி வடிவ முறிவு (குறுக்கு முறிவோடு கீழ்நோக்கியும் ஒரு கோடு), இரண்டு தூண் முறிவு ஆகியவற்றை யோசிக்க வேண்டும். உடையாமல் இருந்தால் சுவர் முறிவோ, எளிய குறுக்கு முறிவோ. குறுக்கு முறிவுக்கும் டி வடிவ முறிவுக்கும் உள்ள வித்தியாசமே இந்தக் கீழ்நோக்கிய கோடுதான், ஆனால் ஆபரேஷன் மேஜையில் அது பெரிய வித்தியாசம். டி வடிவத்தில் கீழே இருக்கும் இரண்டு தூண்களும் தனித்தனியே ஆடும், ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வராது.

இரண்டு தூண் முறிவு என்பது தனி உலகம். கவட்டையின் இரண்டு கிளைகளும் கைப்பிடியிலிருந்து மொத்தமாகப் பிரிந்துவிடும். கிண்ணத்தின் ஒரு துளிகூட முதுகெலும்போடு ஒட்டியிருக்காது. பந்தோடு சேர்ந்து எல்லாம் உள்பக்கம் நகர்ந்துவிட, ஒடிந்த கைப்பிடியின் கூர்முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அடிபட்ட பக்கத்தைத் தூக்கி எடுத்த ஜூடே படத்தில் இந்த முனை தெரிந்தால், இரண்டு தூண் முறிவு என்று அந்த ஒரு படத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆச்சரியம் என்னவென்றால், பிரிந்த துண்டுகள் சில நேரம் பந்தைச் சுற்றி ஓரளவு ஒழுங்காகவே கூடி நின்றுவிடும். வயதானவர்களுக்கு அப்படி நின்றால் அப்படியே விட்டுவிடுவதும் ஒரு நல்ல சிகிச்சைதான்.

தம்பிக்கு இனி என்ன முடிவு எடுப்பார்கள் என்பதற்கு சில அளவுகள் இருக்கின்றன. எடை தாங்கும் இடத்தில் துண்டுகள் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் பொதுவாக ஆபரேஷன் பக்கம் சாய்வார்கள். பின்சுவரில் பெயர்ந்தது 20 சதவீதத்துக்குக் குறைவு என்றால் மூட்டு பெரும்பாலும் நிலையாக இருக்கும். 50 சதவீதத்துக்கு மேல் என்றால் நிற்காது, மறுபடி கழலும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். சிடியில் அளந்த சதவீதத்தை மட்டும் நம்பி இவர்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மயக்கம் கொடுத்து, சி-ஆர்ம் வைத்துக்கொண்டு, இடுப்பை மடக்கி அழுத்திப் பார்த்து பந்து நழுவுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கழன்ற மூட்டு என்றால் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் இந்தச் சோதனையைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. துண்டு சின்னதாக இருந்தும் விளிம்பின் மேல் பகுதியில் இருந்தால் மூட்டு நழுவுவதுண்டு.

போனில் வந்ததாக நீங்கள் சொன்ன அந்த வண்ண 3டி படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்க அழகாக இருக்கும், குடும்பத்துக்கு விளக்க உதவும். கணினியிலேயே தொடை எலும்பை நீக்கிவிட்டுக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்க முடிவது டாக்டருக்கும் பெரிய வசதி. உடைந்த கிண்ணத்தை நிஜ அளவில் 3டி பிரிண்ட் எடுத்து, அதன்மேல் வைத்து பிளேட்டை முன்கூட்டியே வளைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 3டி படம் மேற்பரப்பை வழுவழுப்பாக்கிக் காட்டும். விலகாத மெல்லிய கோடு அதில் மறைந்துவிடும், அழுந்திய துண்டு தெரியாது, மூட்டுக்குள் இருக்கும் சின்னத் துண்டும் தப்பிவிடும். முழு வடிவத்தைப் புரிந்துகொள்ள 3டி, உண்மையைச் சொல்ல மெல்லிய ஸ்லைஸ். "3டியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

எம்ஆர்ஐ ஏன் வேண்டாம் என்றேன்? எலும்புத் துண்டுகளின் ஓரங்களை சிடி அளவுக்கு அது துல்லியமாகக் காட்டாது. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்கவும் வேண்டும், இந்த வலியில் அது நடக்காது. எம்ஆர்ஐயின் இடம் வேறு. எழுபது எண்பது வயதுப் பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுகிறார், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. எலும்பு தேய்ந்த உடம்பில் விலகாத முறிவு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், சில நேரம் சிடியிலும் தெரியாது. எம்ஆர்ஐயில் எலும்பு மஜ்ஜைக்குள் நீர்க்கோப்பு முதல் நாளே பளிச்சென்று தெரியும். "எக்ஸ்ரே நார்மல், நடக்கச் சொல்லுங்கள்" என்று வற்புறுத்தி நடக்கவைத்து, விலகாத முறிவை விலகவைக்கும் கதைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. ஊன்ற முடியவில்லை என்று பாட்டி சொன்னால் அவர் சொல்வதை நம்பி அடுத்த படத்துக்குப் போங்கள்.

வயதானவர்களுக்கு இடுப்பின் பக்கவாட்டில் விழுவதால் முறிவின் ஜாதியே வேறாக இருக்கும். பந்து உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும், முன்தூண் உடையும், கூரையின் உள்பகுதி அழுந்தி இறங்கும். எக்ஸ்ரேயில் கூரை பறக்கும் கடற்பறவையின் விரித்த இறக்கை போல இரண்டு வளைவாகத் தெரிந்தால், துண்டுகளைச் சேர்த்தாலும் மூட்டு நீடிக்காது என்பதற்கு அது ஒரு முன்னறிவிப்பு. அப்போது எலும்பைச் சேர்ப்பதோடு மூட்டையே மாற்றிவிடுவதைப் பற்றி யோசிப்பார்கள்.

குழந்தைகளுக்கு நேர்மாறான கவலை. மூன்று எலும்பும் சேரும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் இடைவெளியாகத்தான் தெரியும். அதை முறிவு என்று நினைத்துப் பயப்படுவதும் உண்டு, உண்மையான அடியை நார்மல் என்று விட்டுவிடுவதும் உண்டு. அந்தக் குருத்தெலும்பு நசுங்கியிருந்தால் கிண்ணம் வளராமல் ஆழமில்லாமல் போய்விடும். அது சில வருடம் கழித்துத்தான் தெரியவரும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ, அப்புறம் வளர்ச்சி முடியும் வரை அவ்வப்போது எக்ஸ்ரே.

சிடி எடுக்கும்போது மருந்து ஏற்றி எடுத்தார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். எலும்பைப் பார்க்க அந்த மருந்து தேவையில்லை. ரத்த அழுத்தம் இறங்கினாலோ, இடுப்புக்குள் ரத்தக் கசிவு சந்தேகம் இருந்தாலோ ஏற்றுவார்கள். பின்பக்கப் பள்ளத்தின் ஓரமாக ஒரு பெரிய ரத்தக் குழாய் எலும்பை ஒட்டியே வெளியே வருகிறது; பின்தூண் அங்கே உடைந்தால் அது கிழிபடலாம்.

கதிர்வீச்சு பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மில்லிசீவர்ட் என்ற கதிர்வீச்சு அலகில் சொன்னால், இடுப்பு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.6 மில்லிசீவர்ட், இடுப்பு சிடிக்குச் சுமார் 6 மில்லிசீவர்ட். மெஷினையும் எடுக்கும் முறையையும் பொறுத்து கூடும், குறையும். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நமக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கம் மணலில் மோனசைட் என்ற கதிர்வீச்சுள்ள தாது கலந்திருப்பதால் அங்கே இதைவிடக் கூடுதல். ஒரு சிடி என்பது இரண்டரை வருட இயற்கை அளவு. சிடி எடுக்காமல் மூட்டுக்குள் துண்டை விட்டுவைத்து, தம்பி இந்த வயதிலேயே மூட்டு தேய்ந்து மாற்று அறுவைக்குப் போவதோடு ஒப்பிட்டால் இது சின்ன விலை. கர்ப்பிணி என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்போதும் தாயின் உயிருக்கும் மூட்டுக்கும் தேவையான படத்தைத் தவிர்க்க மாட்டோம், எண்ணிக்கையைக் குறைத்து எடுப்போம். வீணானது எது என்றால், ஒரே சிடியை இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை எடுப்பது. அதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

எப்படி என்றால், ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒரு ஃபிலிமில் அச்சடிப்பது நூற்றுக்கணக்கில் பொறுக்கிய இருபது முப்பது ஸ்லைஸ்கள். நான் மேலே சொன்ன மாதிரி உருட்டி உருட்டிப் பார்ப்பது அதில் முடியாது. போனில் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினால் இன்னும் மோசம். "டைகாம் ஃபைல் முழுசாக வேண்டும், மெல்லிய ஸ்லைஸோடு" என்று, அதாவது ஸ்கேன் மெஷினின் அசல் கணினிக் கோப்பை, ஸ்கேன் சென்டரில் கேட்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். அன்றைக்கே கேளுங்கள், சில வாரம் போனால் மெல்லிய ஸ்லைஸ்களைக் கணினியிலிருந்து அழித்துவிடும் இடங்கள் உண்டு. இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது மறுபடி சிடி எடுக்கச் சொல்லாமல் இருக்க இது ஒன்றே வழி.

நேரமும் முக்கியம். இந்த ஆபரேஷனை முதல் இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. மூன்று வாரம் தாண்டிவிட்டால் துண்டுகள் தவறான இடத்திலேயே ஒட்ட ஆரம்பித்து, அவற்றைப் பிரித்துச் சேர்ப்பது மிகக் கடினமாகிவிடும். நாட்டுக் கட்டு போட்டுப் பார்க்கலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். கைமுறிவுக்கு என்ன சொல்வார்களோ தெரியாது, இங்கே வெளியிலிருந்து எந்தக் கட்டும் கிண்ணத்தை எட்டாது. காத்திருக்கும் நாட்களில் காலில் வீக்கம் கூடினால் டாப்ளர் ஸ்கேன் எடுத்து ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாலை விபத்து என்பதால் தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிதானா என்று பில் போடும் இடத்தில் விசாரியுங்கள்.

ஆபரேஷன் ஆனால் அதே மூன்று கோணத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். ஸ்க்ரூ மூட்டை உரசுகிறதா என்ற சந்தேகம் இருந்தால் இன்னொரு சிடியும் வேண்டியிருக்கும்; துண்டுகள் எவ்வளவு துல்லியமாகச் சேர்ந்தன என்பதை எக்ஸ்ரேயைவிட அதுதான் உண்மையாகச் சொல்லும். அதற்குப் பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு சேர்கிறதா, தசைக்குள் தேவையில்லாத எலும்பு வளர்கிறதா என்று பார்ப்பார்கள். கழன்ற மூட்டு என்பதால் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது சிதையும் வாய்ப்பும் இருக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் தலைகாட்டும். தொடை இடுக்கில் புதிதாக வலி வந்து எக்ஸ்ரே நன்றாக இருந்தால், எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய நேரம் அதுதான். உள்ளே வைத்த பிளேட் டைட்டானியமா, ஸ்டீலா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கி வையுங்கள். ஸ்டீல் என்றால் எம்ஆர்ஐயில் அதன் நிழல் பந்தை அதிகம் மறைக்கும், அதற்கேற்ப ஸ்கேன் முறையை மாற்றி எடுக்க வேண்டியிருக்கும்.